மிச்சம்

சென் இமியேயில் ஒடெத்தின் பாண் பொங்குவது
உன் வரிகளின் சூட்டில், கஜந்தி.

வாங்கியைத் தன் மேல்மாடியில் வைக்க
வாடகை கேட்காத ஒரே ஆள் அவள்.
"அது சூடாகுமா?" என்று மட்டும் கேட்டாள்.
ஆகும் என்றேன்.
மறுநாளே தளத்தில் துளைபோட்டுத்
தகரக் குழாய் ஒன்றை இறக்கி
மாவுத் தொட்டியருகே விட்டாள்.

உங்கள் கலம் பேச்சை நிறுத்தி ஆறு வருடம்.
இறப்புச் சான்றிதழ் மூன்று மொழிகளில் வந்தது.
மூன்றிலும் உன் பெயரில் எழுத்துப்பிழை,
மூன்று விதமாக.
கையெழுத்துப் போட்டேன்.

நெப்டியூனுக்கு அப்பால்
நீங்கள் விட்டுப்போன தபால்பெட்டி மட்டும்
அரை உயிரோடு மிதக்கிறது.
அதன் மின்கலத்துக்கு
நாளைக்கு ஒரு வரிதான் கட்டுப்படியாகும்.
அதிகாலை நாலு பத்துக்கு வரும்.
கீழே ஓர் எண்:
மிச்சம் இத்தனை.

நட்சத்திரங்களைப் பற்றி எழுதியிருப்பாய் என்றுதான்
ஆரம்பத்தில் சட்டை மாற்றிக்கொண்டு போய் நின்றேன்.
"உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு
ரப்பர் வளையம் மாத்தினியா?"
அடுத்த நாள்:
"மாத்தியிருக்க மாட்டாய்."
அன்றைக்கே மாற்றினேன்.

ஒருமுறை பதினொரு நாள்
மீன்குழம்பிலேயே போனது.
புளி வந்த நாளில் மீன் வரவில்லை.
ஒடெத் பொறுமையிழந்து
ஏரி மீனைப் போட்டு இறக்கிவிட்டாள்.
தபால்காரர் பெறேயும் வந்து சாப்பிட்டார்.
உப்பு பத்தாவது நாள்தான் வந்தது.
பதினோராவது நாள்:
"எல்லாத்தையும் கடைசியிலதான் போடோணும்."

போன மார்கழிப் பனியில் மின்சாரம் போனது.
திரும்பி வந்தபோது
எண் ஒன்று குறைந்திருந்தது, வரி இல்லை.
மறுநாள் வந்தது:
"அதாலதான் அப்பிடிச் சிரிச்சனான்."

எதால், கஜந்தி?
எதால்?

இரண்டு மாதம் அந்த ஒன்றையே தேடினேன்.
உன்னை இழந்ததைவிட
அந்த வரியை இழந்ததுதான் தாங்கவில்லை என்று
பெறேயிடம் சொன்னேன்.
அவர் தொப்பியைக் கழற்றிப்
பனியைத் தட்டிவிட்டு
மறுபடி போட்டுக்கொண்டார்.
நாற்பது வருடம் தபால் கொடுத்தவர்.
தொலைந்த கடிதத்துக்கு
ஆறுதல் இல்லை என்று தெரிந்தவர்.

நேற்று 1187.
இன்று 1186 என்று நானே முன்கூட்டிச்
சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதிவிட்டிருந்தேன்.
நாலு பத்து.
வரி வந்தது.
கீழே 1187.

பேர்ன் அலுவலகத்தில் ஒரு பையன்
தூக்கக் குரலில் சொன்னான்:
எண்ணியில் பிழையாக இருக்கலாம்,
சூரியப் புயலாக இருக்கலாம்,
எதிர்பார்க்க வேண்டாம், ஐயா.

ஒடெத் கையிலிருந்த மாவைத் துடைக்காமலே
தொலைபேசியைப் பிடுங்கினாள்:
"பெட்டியில் யாரும் போடாமல்
தபால் கூடுமா, தம்பி?"
பெறே சொன்னார்: "கூடாது.
என் அனுபவத்தில் கூடாது."

அப்படியே யாரோ போட்டிருந்தாலும்
வரிசையில் கடைசியில்தான் அது நிற்கும்.
மூன்று வருடம், மூன்று மாதம்.
தபால்பெட்டிக்கு அவசரம் புரியாது.
இடையில் நான் செய்ய வேண்டியவை:
வாங்கியின் விசிறிக்கு எண்ணெய்,
பனிக்காலத்துக்கு இன்னொரு மின்கலம்,
ஐம்பது வயதாவது.

மறுநாளும் 1187.

நான் சுவரில் ஒன்றும் எழுதவில்லை.
ஒடெத் ஒன்றும் கேட்காமல்
தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி போட்டாள்,
எனக்கு ஒன்றே போதும் என்று தெரிந்தும்.
தொட்டியில் மாவு
விளிம்பைத் தாண்டி வந்திருந்தது,
யாரும் அடக்கவில்லை.

அன்றைய வரி:
"கறுப்புச் சொக்ஸில ஒண்டைக் காணேல்ல.
அங்க கிடக்கோ எண்டு பார்."

கிடந்தது.
மெசினுக்குப் பின்னால், தூசியோடு.
கழுவிப் பிழிந்து
தகரக் குழாயின்மேல் போட்டிருக்கிறேன்.
காய்கிறது.